பால் காய்ச்சிய வீடு

எல்லையம்மாளுக்கு மத்தியானத் தூக்கத்தில்தான் கனவு வரும். விடியுமுன்னே எழுந்து நாகப்பட்டினம் போய், துறைமுகத்தில் மீன் எடுத்துத் திருவாரூர் திரும்பி, அன்னக்கூடையைத் தலையில் ஏற்றித் தெருத் தெருவாக விற்று முடித்து, குளித்து, ஒரு வாய் சோறு தின்றுவிட்டுச் சிமெண்டுத் தரையில் கன்னத்தை வைத்தாளானால் போதும். கண் மூடுவதற்கு முன்பே கனவு வந்து காத்துக்கொண்டிருக்கும்.

கனவில் அவள் குடியிருக்கும் வீடு நகரும். கொல்லைக்குப் பின்னால் ஓடும் வாய்க்காலில் மெல்ல இறங்கும். அடுப்பு, குடம், காலண்டர், கொடியில் காயும் புடவை எல்லாம் இருந்த இடத்தில் இருந்தபடியே இருக்க, வீடு மட்டும் தோணி மாதிரி மிதந்து போகும். இரண்டு பக்கமும் நாற்றங்கால் பச்சை. கொக்குகள் ஒதுங்கி வழிவிடும். பயமே இருக்காது. ஒரே ஒரு கவலைதான். மூலைத் தென்னையோடு வீட்டைக் கட்டிவைத்த கயிறு ஒன்று இருந்ததே, அதை அவிழ்த்தது யார்? வாசலில் குனிந்து தண்ணீருக்குள் கைவிட்டுத் துழாவுவாள். கயிறு அகப்படுவதற்குள் விழிப்பு வந்துவிடும்.

தண்ணீரைக் கண்டு பயப்படாத கனவு அவளுக்கு வந்ததே பெரிய விஷயம். அவள் பிறந்தது நாகப்பட்டினத்துக்குத் தெற்கே, கடலை ஒட்டிய குப்பம். புருஷன் காயாரோகணம் விசைப்படகில் கூலிக்குப் போகிறவன். சுனாமி வந்த காலையில் அவளுடைய அம்மாவும் அவர்கள் இருந்த வீடும் ஒரே அலையில் போயின. அரசாங்கம் பிறகு வேறு வீடு கொடுத்தது. நல்ல வீடு, குறை சொல்லக் கூடாது. ஆனால் படுத்தால் காதுக்குள் அலை அடிக்கும். பல வருஷம் பொறுத்துப் பார்த்தாள். ஒருநாள் புருஷனிடம் சொல்லிவிட்டாள், கதவு போட்ட தண்ணீர் இருக்கிற ஊருக்குப் போய்விடலாம் என்று. மதகைத்தான் அப்படிச் சொன்னாள். திறந்தால் வரும், மூடினால் நிற்கும், அந்த மாதிரித் தண்ணீர்.

காயாரோகணம் சிரித்தான். சிரித்தாலும் தடுக்கவில்லை. கடலை விட்டுவர அவனால் முடியாது, கடலோடு இருக்க அவளால் முடியாது. அரசாங்கம் கொடுத்த வீட்டை அவன் தம்பி குடும்பத்துக்கு விட்டார்கள். அவள் திருவாரூருக்கு வருவது, அவன் படகு கரை சேர்கிற நாட்களில் வந்து போவது என்று ஏற்பாடு.

வீடு கிடைப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. எல்லா வீட்டிலும் முதலில் முகம் மலரும். என்ன தொழில் என்று கேட்பார்கள். மீன் என்றதும் முகம் சுருங்கும். கவுச்சி ஆகாது என்பார்கள். காலையில் அவளிடமே வஞ்சிரம் துண்டு போட்டு வாங்கின வீடுகள்தான், மத்தியானம் அவளுக்குக் கவுச்சி ஆகாது என்றன. அதைப் பற்றிப் பேசினால் பேச்சு வளரும், கிடக்கட்டும்.

கடைசியில் ஆற்றங்கரைத் தெருவில் சாரங்கபாணி தன் வீட்டின் பின்கட்டைக் கொடுத்தார். ஊருக்கு வெளியே நிலம் வைத்து நெல் போடுகிற மனிதர். வீடு கட்டி மிச்சம் இருந்த செங்கல்லில் கொல்லைப்பக்கம் ஒரு கூடம், ஒரு சமையலறை எழுப்பிப் பூட்டி வைத்திருந்தார். அவர் மனைவி தர்மாம்பாளுக்குச் சங்கரா மீன் குழம்பு என்றால் உயிர். வீட்டுக்குள்ளேயே மீன்காரி இருந்தால் கெடுதல் ஒன்றும் இல்லை என்று அந்த அம்மாள்தான் சொல்லிக் கொடுத்ததாகப் பேச்சு.

வாடகை வீடானாலும் குடிபோகிற நாளில் பால் காய்ச்சாமல் யாரும் போவதில்லை. எல்லையம்மாளும் உப்பும் மஞ்சளும் முன்னே எடுத்துப்போய் வைத்துவிட்டு, புதுப் பாத்திரத்தில் பாலை ஏற்றினாள். பொங்கி வழிந்தது. முதல் டம்ளரை வீட்டுக்காரர்களுக்குக் கொடுக்க வேண்டும். கொண்டுபோய்க் கொடுத்தால் வாங்குவார்களோ மாட்டார்களோ என்று அவள் டம்ளரோடு நின்று யோசித்துக்கொண்டிருந்தபோது, தர்மாம்பாளே பின்கட்டு வாசற்படி ஏறி உள்ளே வந்து, டம்ளரை வாங்கி, நின்றபடியே குடித்தாள். சர்க்கரை தூக்கல், நல்லதுதான் என்றாள். அவ்வளவுதான் உடன்படிக்கை. வாடகை வாயால் சொன்னது, முன்பணம் கையால் கொடுத்தது. காகிதம் என்ற பேச்சே இல்லை.

அந்தக் காகிதம் சில வருஷம் கழித்து வந்தது. வாடகைக்கு விடுகிறவர்கள் எல்லோரும் எழுத்தில் ஒப்பந்தம் போட்டுப் பதிவு செய்ய வேண்டும் என்று புதுச் சட்டம் வந்திருந்தது. சாரங்கபாணி யார் சொல்லியோ இரண்டு பத்திரம் அடித்துக்கொண்டு வந்தார். ஒன்று பின்கட்டுக்கு, மற்றொன்று பக்கத்துப் போர்ஷனுக்கு. பக்கத்துப் போர்ஷனில் இருப்பவள் ஜஸீலா. புருஷன் துபாயில். அவள் பஸ் ஸ்டாண்டு அருகே ஒரு இ-சேவை மையத்தில் வேலை பார்க்கிறாள். ஜஸீலா தன் காகிதத்தைப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டாள். பிறகு எல்லையம்மாளுக்கு அவளுடையதைப் படித்துக் காட்டினாள்.

"பதினோரு மாத காலத்துக்கு" என்ற இடம் வந்ததும் எல்லையம்மாள் கை காட்டி நிறுத்தினாள். அதற்கு மேல் ஒரு எழுத்துக்கூடக் கேட்கவில்லை.

அவளுக்குக் காகிதம் என்றால் ஒரே அர்த்தம்தான் தெரியும். சுனாமிக்குப் பிறகு தகரக் கொட்டகையில் இருந்தபோது கைநாட்டு வாங்கினார்கள். சில மாதத்தில் வேறு கொட்டகைக்குப் போகச் சொன்னார்கள். அங்கேயும் கைநாட்டு. திரும்பவும் வேறு இடம். கைநாட்டு வைத்தால் இடம் மாற வேண்டிவரும் என்பது அவள் மண்டையில் ஆணி அடித்த மாதிரி ஏறிவிட்டது. பதினோரு மாதம் ஆனதும் புதுப்பித்துக்கொள்ளலாம், எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள் என்று ஜஸீலா எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள்.

"பால் காய்ச்சி வந்த வீட்டுக்குப் பதினோரு மாசம்னு கெடு போடுறது யாரு? நான் போட மாட்டேன்" என்று எல்லையம்மாள் மீன் கழுவப் போய்விட்டாள்.

சாரங்கபாணி வற்புறுத்தவில்லை. காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார். எல்லையம்மாள் தான் ஜெயித்துவிட்டதாக நினைத்தாள். அன்றைக்கு அவள் கைவிட்டது என்னவென்று அவளுக்குத் தெரியவில்லை. தனக்குக் கிடைத்தது என்னவென்று அவருக்குத் தெரிந்திருந்தது.

அப்படியே போயிருந்தால் போயிருக்கும். இந்த வருஷம் சாரங்கபாணியின் மகன் மதிவாணனுக்குப் பெண் பார்த்தார்கள். மதிவாணன் சிங்கப்பூரில் இருக்கிறான். ஆவணியில் பெண் வீட்டார் வீடு பார்க்க வருவதாகப் பேச்சு. பின்கட்டை இடித்து, ஏசி வைத்த அறையாக்கிவிட வேண்டும் என்று மகன் போனில் சொன்னான். வருகிறவர்கள் வாசலில் அன்னக்கூடையைப் பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று தர்மாம்பாளின் அண்ணன் சொன்னார். தர்மாம்பாளும் ஆமாம் என்றுதான் சொன்னாள். ஆனி முடிவதற்குள் காலி செய்துவிடு என்று எல்லையம்மாளுக்குச் சொல்லிவிட்டார்கள்.

அவள் சண்டை போடவில்லை. மீன் விற்ற தெருக்களிலெல்லாம் கூடவே வீடும் கேட்டாள். பழைய கதைதான். என்ன தொழில் என்ற கேள்வியோடு பேச்சு முடிந்தது. ஆனி அப்படியே கழிந்து ஆடி பிறந்தது.

ஆடி பிறந்ததும் அவளுக்கு மூச்சு வந்தது. ஆடியில் யாரும் வீடு மாற்றுவதில்லை. குடிபோகிறவர்களும் இல்லை, குடிவைக்கிறவர்களும் இல்லை. ஆடியில் ஒரு குடியை வெளியே அனுப்பினால் அனுப்பிய வீட்டுக்கே ஆகாது என்று தர்மாம்பாள் புருஷனிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். அதிலும் வீட்டில் கல்யாணப் பேச்சு நடக்கிறபோது கூடவே கூடாது என்றாள். சாரங்கபாணியும் அதற்குப் பயப்படுகிறவர்தான். ஆகவே அவர் வெளியே போ என்று சொல்லவில்லை. மாடித் தொட்டியிலிருந்து பின்கட்டுக்கு வரும் குழாயின் வால்வை மட்டும் திருகி மூடிவிட்டார். அவளாகவே போனால் அது ஆடியை மீறியதாகாது என்பது அவர் எண்ணம்.

எல்லையம்மாள் குழாயைத் திறந்தாள். பெருமூச்சு மாதிரி ஒரு காற்று வந்தது. முன்கட்டுக்குப் போய்ச் சொன்னாள்.

"தண்ணி வரலைங்க ஐயா."

"மோட்டார் கோளாறு. ஆளுக்குச் சொல்லியிருக்கேன்."

"ஜஸீலா வீட்டுக்கு வருதுங்களே?"

சாரங்கபாணி பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "அது வேற லைன்" என்றார்.

மற்றவர்களுக்குத் தண்ணீர் இல்லையென்றால் தாகம்தான். மீன்காரிக்குத் தண்ணீர் இல்லையென்றால் மானமே போய்விடும். கூடை கழுவ முடியவில்லை. புடவை அலச முடியவில்லை. ஜஸீலா குடத்தில் கொடுத்தது சோற்றுக்கும் குளிக்கவும் சரியாகப் போயிற்று. இத்தனை வருஷம் ஒரு செதில் தரையில் ஒட்டாமல் வைத்திருந்த கூடம் நாற ஆரம்பித்தது. கவுச்சி என்று சொன்னது அதுவரை பொய்யாக இருந்தது. தண்ணீரை நிறுத்தியதும் மெய்யாகிவிட்டது. அந்த அவமானம்தான் அவளை அரித்தது. மத்தியானம் படுத்தால் கனவில் வீடு மிதக்கவில்லை, காய்ந்த வாய்க்காலில் தரை தட்டிக் கிடந்தது.

போனில் காயாரோகணத்திடம் சொன்னாள். பேசாமல் இங்கேயே வந்துவிடு, தம்பி ஒரு அறை ஒதுக்கித் தருவான் என்றான் அவன். "கடல் ஒண்ணும் உன்னக் கடிச்சிடாது புள்ள" என்றான். கேலியாகத்தான் சொன்னான். எல்லையம்மாள் போனைக் காதில் வைத்தபடியே நின்றாள். அவனுக்குப் பின்னால் அலை கேட்டது. இந்த வீடு போனால் அடுத்த வீடு அந்தச் சத்தத்துக்குள்தான் என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று.

மறுநாள் விடியலில் கொல்லைப்பக்கம் ஏதோ முணுமுணுப்பாகக் கேட்டது. கதவைத் திறந்தாள். வாய்க்காலில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. மேட்டூரில் திறந்தது, ஊர் ஊராக நனைத்துக்கொண்டு இப்போதுதான் இங்கே எட்டியிருந்தது. முதலில் நுரையும் சருகும் ஒரு குழந்தைச் செருப்பும் வந்தன. வெடித்த மண் குடித்துக் குடித்துக் குமிழி விட்டது. பின்னால் தண்ணீர், அவசரம் இல்லாமல், வழி தெரிந்தவர்கள் நடந்து வருகிற மாதிரி வந்தது. எல்லையம்மாள் படியில் உட்கார்ந்து கூடையைக் கழுவினாள். புடவையை அலசினாள். காலைத் தொங்கவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். எங்கோ கிடக்கிற அணையிலிருந்து இவ்வளவு தூரம் வருகிற தண்ணீருக்கு வழியெல்லாம் மதகைத் திறந்துவிட்டிருக்கிறார்கள், வீட்டுக்குள் வருகிற தண்ணீரை ஒரு மனிதன் ஒரு திருகில் நிறுத்திவிட்டான் என்று நினைத்தாள். அன்றைக்கு அவள் மீன் எடுக்கப் போகவில்லை.

ஜஸீலா வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். எல்லையம்மாள் அவள் வாசலில் போய் நின்று, இதைக் கேட்க ஒரு இடம் இல்லையா என்றாள். இருக்கிறது, நீ எப்போது கேட்பாய் என்றுதான் காத்திருந்தேன் என்றாள் ஜஸீலா. வீட்டுக்காரருக்கும் குடித்தனக்காரருக்கும் என்ன தகராறு இருந்தாலும் தண்ணீரையும் கரண்டையும் நிறுத்தச் சட்டத்தில் இடமில்லை, கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம் என்றாள். எல்லையம்மாள் தயங்கினாள். தன்னிடம்தான் காகிதம் இல்லையே.

"அதான் அன்னைக்கே போட்டிருக்கணும்கா. இப்ப காகிதம் இல்லாததுக்கும் சேத்துக் கேப்போம்" என்றாள் ஜஸீலா.

விசாரணைக்கு இரண்டு பக்கத்தையும் கூப்பிட்டார்கள். சாரங்கபாணி வெள்ளை வேட்டியில் வந்தார். அவரை ஆபீஸ்களுக்குத் தனியாக அனுப்பாத வழக்கம் உள்ள தர்மாம்பாள், தண்ணீர் பாட்டிலும் மாத்திரை டப்பாவுமாகக் கூட வந்தாள். எல்லையம்மாள் அன்றைக்கு ஜஸீலா வீட்டில் தலைக்குக் குளித்து, மல்லிகைப்பூ வைத்துக்கொண்டு வந்திருந்தாள். யாரும் மூக்கைச் சுளித்துவிடக் கூடாது என்று.

கோட்டாட்சியர் வயது குறைந்த பெண். மனுவைப் படித்துவிட்டுச் சாரங்கபாணியைக் கேட்டார். அவர் ஒரே போடாகப் போட்டார். இவள் குடித்தனக்காரியே இல்லை, அனாதரவாக வந்தவளைப் பரிதாபப்பட்டுப் பின்கட்டில் வைத்திருந்தேன், கொல்லையைப் பெருக்கிக்கொண்டு கிடக்கட்டும் என்று விட்டேன், ஒப்பந்தம் இருந்தால் காட்டச் சொல்லுங்கள் என்றார்.

எல்லையம்மாளிடம் காட்ட ஒன்றும் இல்லை. வாடகையை மாதாமாதம் கையில்தான் கொடுத்தாள். எதற்கும் சீட்டு இல்லை. ஜஸீலா அந்தப் பழைய பத்திரத்தைப் பற்றிச் சொல்ல வந்தாள், ஆனால் அது கையெழுத்தாகாமல் சாரங்கபாணியின் சட்டைப்பையோடு போனது, எல்லையம்மாள் குடிவந்த காலத்திலோ ஜஸீலா அந்தத் தெருவிலேயே இல்லை. இவர் வாடகைக்கு வந்தது தெரிந்தவர்கள் வேறு யாராவது உண்டா என்று கோட்டாட்சியர் கேட்டார். எல்லையம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள். கயிற்றைத் தேடித் தண்ணீருக்குள் கைவிடுகிற அதே கவலை.

"அவ பால் காய்ச்சினா" என்றாள் தர்மாம்பாள்.

சாரங்கபாணி திரும்பிப் பார்த்தார். அந்த அம்மாள் அவரைப் பார்க்கவில்லை. மடியிலிருந்த மாத்திரை டப்பாவைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "கொல்லை பெருக்க வர்றவ பால் காய்ச்ச மாட்டாங்கம்மா. வீட்டை எடுக்கிறவதான் காய்ச்சுவா. மொத டம்ளர நான்தான் குடிச்சேன். வாடகை வாங்கிக்கிட்டுத்தான் வெச்சிருந்தோம்."

"நீ சும்மா இரு" என்றார் சாரங்கபாணி.

"காலி பண்ணினா எனக்கும் சௌகரியந்தான். புள்ளைக்குக் கல்யாணம் ஆகணும். அதுக்காக, குடிச்ச பாலை இல்லைன்னு சொல்லச் சொல்றீங்களா? எனக்குச் சொல்ல வரல."

அவள் நல்லவளாகிவிட்டாள் என்று இதற்கு அர்த்தம் இல்லை. பின்கட்டை இடிக்கிற ஆசை அவளுக்கு அன்றைக்கும் இருந்தது. ஆனாலும் ஒருத்தி வீட்டுப் பாலைக் குடித்துவிட்டு அவள் அங்கே குடித்தனக்காரியே இல்லை என்று சொன்னால், தன் மகன் காய்ச்சப்போகிற பால் பொங்காது என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். அவள் மனசுக்குள் போய்ப் பார்த்தவர் யார்? சொன்னது இதுதான்.

கோட்டாட்சியர் சுருக்கமாகப் பேசினார். யார் பக்கம் நியாயம் இருந்தாலும் தண்ணீரை நிறுத்துவது குற்றம், இன்றைக்கே திறந்துவிட வேண்டும். வீடு வேண்டுமென்றால் முறையாக மனு போட்டு, விசாரணை நடந்து, உத்தரவு வாங்கித்தான் காலி செய்யச் சொல்லலாம், குழாயைத் திருகி அல்ல. எழுத்தில் ஒப்பந்தம் போட்டுப் பதிவு செய்யாதது இரண்டு பேர் பேரிலும் தப்பு, உடனே போடுங்கள் என்றார். எல்லையம்மாள் தலை குனிந்தாள். அந்தத் தப்பில் தன் பங்கு எவ்வளவு என்று அவளுக்குத் தெரியும்.

சாரங்கபாணி கடைசியாக ஒன்று போட்டுப் பார்த்தார். ஆடி மாதத்தில் கையெழுத்துப் போடுகிற வழக்கம் இல்லை, ஆவணியில் பார்த்துக்கொள்ளலாம் என்றார்.

"ஆடிப் பதினெட்டு இருக்குங்கம்மா" என்றாள் எல்லையம்மாள். வந்ததிலிருந்து அவள் வாய் திறந்தது அப்போதுதான். "அன்னைக்கு எதைத் தொட்டாலும் பெருகும். ஐயாவே அன்னைக்குத்தான் நாத்து விடுவாங்க."

கோட்டாட்சியர் சிரிப்பை அடக்கிக்கொண்டு அந்த நாளையே குறித்துக் கொடுத்தார்.

சாயங்காலம் வால்வு திறந்தது. குழாய் முதலில் இருமியது. துருப்பிடித்த தண்ணீராகத் துப்பியது. பிறகு தெளிந்து வந்தது. எல்லையம்மாள் பின்கட்டை மூன்று தரம் கழுவினாள். சுவரைக்கூட விடவில்லை.

ஆடிப் பதினெட்டு அன்று தெருப் பெண்கள் எல்லோரும் வாய்க்கால் படியில் காவிரிக்கு மஞ்சளும் பூவும் காதோலையும் கருகமணியும் விட்டுவிட்டு வந்தார்கள். அந்த ஈரத்தோடேயே சாரங்கபாணி வீட்டாரும் எல்லையம்மாளும் ஜஸீலாவும் முன்கட்டில் காகிதத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். ஜஸீலா ஒரு வரி விடாமல் படித்தாள். பதினோரு மாத காலத்துக்கு என்ற இடம் வந்தது. அவள் நிறுத்தி எல்லையம்மாள் முகத்தைப் பார்த்தாள். எல்லையம்மாள் கை காட்டி நிறுத்தவில்லை. எந்த மாதத்தில் முடிகிறது என்று மட்டும் கேட்டாள். ஆனியில் என்றாள் ஜஸீலா. எல்லையம்மாள் கொஞ்சம் யோசித்தாள். உதட்டோரத்தில் ஏதோ அசைந்தது. பெருவிரலை மையில் வைத்து அழுத்தினாள். சாரங்கபாணி முகத்தைத் தூக்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டார். அதைப் பதிவு செய்கிற வேலையை ஜஸீலா அன்றைக்கே தன் மையத்திலிருந்து தொடங்கிவிட்டாள்.

எல்லையம்மாள் பின்கட்டுக்குப் போய்ப் பால் காய்ச்சினாள். புதுசாகக் குடிவருகிறவள் மாதிரி உப்பும் மஞ்சளும் வைத்து, கிழக்கே பொங்கவிட்டாள். டம்ளரோடு வாசலில் நின்றாள். இந்தத் தரம் தர்மாம்பாள் வருவாளா என்று நிச்சயம் இல்லை. வெகுநேரம் கழித்து வந்தாள். படியேறாமல் கீழேயே நின்று வாங்கிக் குடித்தாள். போன தடவை சர்க்கரை தூக்கல், இந்தத் தடவை கம்மி என்றாள். டம்ளரைத் தானே கழுவி வைத்துவிட்டுப் போனாள்.

மத்தியானம் கனவு வந்தது. வாய்க்கால் நிறைய மஞ்சளும் பூவும் மிதந்தன. வீடும் மிதந்தது. தென்னைமரம் தன் இடத்தில் நின்றது. எல்லையம்மாள் கயிற்றைத் தேடவில்லை. வாசலில் உட்கார்ந்து, எதிர்க்கரையில் யார் வீட்டுக் கன்றுக்குட்டியோ தண்ணீர் குடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

போன் அடித்து எழுப்பியது. காயாரோகணம். படகு கரைக்கு வந்துவிட்டது, நாளைக்கு வருகிறேன் என்றான். காகிதம் போட்டாயிற்று என்றாள். எத்தனை நாளைக்கு என்று கேட்டான்.

"பதினோரு மாசம். ஆனியில முடியுது."

"ஆனியில முடிஞ்சா, அப்புறம் என்ன பண்ணுவ?"

"ஆனி போனா ஆடி வரும்ல. ஆடியில யாரு வீடு மாத்துறா?" என்று சொல்லிவிட்டு, குடம் நிரம்பி வழிகிற சத்தம் கேட்டுக் குழாயை மூட எழுந்து போனாள்.